வாஸ்கோடகாமா ஒரு வரியானது எப்படி?

"1498ஆம் ஆண்டு வாஸ்கோடகாமா இந்தியாவுக்குக் கடல்வழி கண்டுபிடித்துக் கள்ளிக்கோட்டை வந்து சேர்ந்தார்." பள்ளிக்கூட வாசல் மிதித்தவர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்லிவிடுவார்கள். ஒரு மதிப்பெண் வினாவுக்கென்றே பிறந்த வரி. ஆண்டு சரி, ஊர் சரி, ஆள் சரி. ஆனாலும் அந்த வரி தானாக வந்து பாடநூலில் உட்கார்ந்துவிடவில்லை. நானூறு, ஐந்நூறு ஆண்டுகளாகப் பலர் சீவிச் சீவிக் கடைசியில் மிஞ்சியது அது.

என்ன நடந்தது என்பது வரலாறு. நடந்ததை யார் எழுதினார்கள், எப்போது, யாருக்காக, எதை விட்டுவிட்டு எழுதினார்கள் என்று பார்ப்பதற்கு வரலாற்றெழுதியல் என்று பெயர். பெயர்தான் மிரட்டுகிறது, விஷயம் எளிது. கடலோடிகளின் கதையை வைத்துப் பார்த்தால் இன்னும் எளிது. பாடநூல்களும் ஜனரஞ்சக வரலாற்று இதழ்களும் இவர்கள் அளவுக்கு வேறு யாரையும் ஒரே அச்சில் வார்த்ததில்லை.

காமாவிலிருந்தே ஆரம்பிக்கலாம். 1497 ஜூலை 8 அன்று லிஸ்பனிலிருந்து நான்கு கப்பல்களும் சுமார் 170 பேரும் கிளம்பினார்கள். கப்பலில் இருந்த ஒருவர் நாட்குறிப்பு எழுதினார். அவர் பெயர் உறுதியில்லை. அல்வாரோ வெல்யோ என்று பொதுவாகச் சொல்கிறார்கள். காமா தன் கையால் எழுதிய பயணக் குறிப்பு எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. ஆகவே அந்த முதல் பயணத்தைக் கண்ணால் பார்த்தவர் சாட்சியம் என்று நாம் நம்பியிருப்பது பெரும்பாலும் இந்தச் சிறிய ஏட்டைத்தான்.

அதைப் படித்தால் பாடநூல் காமாவை அடையாளம் தெரியாது. 1498 மே 20 அன்று கள்ளிக்கோட்டைக்கு அருகே நங்கூரம் போட்டதும் காமா தான் இறங்கவில்லை. இப்படிப்பட்ட ஆபத்தான வேலைக்கென்றே கூட்டிவந்திருந்த, தண்டனை பெற்ற கைதி ஒருவரைக் கரைக்கு அனுப்பினார். கரையில் அவரை வரவேற்றவர்கள் துனிஸ் நாட்டு வணிகர்கள் இருவர். ஸ்பானிய மொழியும் ஜெனோவா மொழியும் பேசத் தெரிந்தவர்கள். சைத்தான் உன்னைக் கொண்டுபோக, எது உன்னை இங்கே இழுத்து வந்தது என்பதுதான் அவர்கள் கேட்ட முதல் கேள்வி. கிறித்தவர்களையும் வாசனைப் பொருள்களையும் தேடி வந்தோம் என்றார் இவர். ஐரோப்பியருக்கு "தெரியாத" ஊரில் இறங்கிய முதல் ஆளிடம் ஐரோப்பிய மொழியிலேயே வசவு விழுந்திருக்கிறது!

பிறகு காமா அரண்மனைக்குப் போகிறார். வழியில் ஒரு பெரிய கோயில். அதைத் தேவாலயம் என்று நினைத்து உள்ளே போய் வணங்குகிறார்கள். சுவரில் இருந்த புனிதர்களுக்குக் கிரீடம் இருந்தது, வாயிலிருந்து ஓர் அங்குலம் பல் நீண்டிருந்தது, நான்கைந்து கைகள் இருந்தன என்று எழுதிவைத்திருக்கிறார் அந்த மாலுமி. எழுதும்போதும் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. கள்ளிக்கோட்டை மக்கள் கிறித்தவர்கள் என்ற எண்ணத்தோடேயே அவர்கள் திரும்பிப் போனார்கள். போர்த்துகல் மன்னர் மனுவேல் 1499இல் ஸ்பெயின் அரச தம்பதிக்கு எழுதிய கடிதத்திலும் அதே கதைதான்.

கள்ளிக்கோட்டையை ஆண்ட சாமுத்திரி மன்னர் பச்சை வெல்வெட் விரித்த மஞ்சத்தில் சாய்ந்திருந்தார். இடது கையில் பொன் படிக்கம். தாம்பூலம் மென்று அதில் துப்பிக்கொண்டிருந்தார். அவருக்குக் கொடுக்கக் காமா எடுத்துவைத்த காணிக்கைப் பட்டியல் ஏட்டில் அப்படியே இருக்கிறது: கோடு போட்ட துணி பன்னிரண்டு, சிவப்புத் தலைமூடி நான்கு, தொப்பி ஆறு, பவளச் சரம் நான்கு, கை கழுவும் கிண்ணம் ஆறு, சர்க்கரை ஒரு பெட்டி, எண்ணெய் இரண்டு பீப்பாய், தேன் இரண்டு பீப்பாய். பொன் படிக்கம் வைத்திருப்பவருக்குக் கை கழுவும் கிண்ணம்! பார்க்க வந்த அதிகாரிகள் சிரித்துவிட்டார்கள். மக்காவிலிருந்து வரும் பரம ஏழை வணிகன்கூட இதைவிட அதிகம் தருவான், மன்னருக்குத் தங்கமாகக் கொடுங்கள் என்றார்கள். கடைசியில் அந்தக் காணிக்கை மன்னர் கைக்குப் போகவே இல்லை.

நம் பாடநூல்களிலும் இணையத்திலும் அடிக்கடி வரும் ஓவியத்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கம்பீரமாக நிமிர்ந்து நிற்கிறார் காமா. எதிரே சாமுத்திரி அமர்ந்திருக்கிறார். அவையே காமாவைக் கவனிக்கிறது. வெலோசோ சல்காடோ என்ற ஓவியர் அதை வரைந்தது 1898இல், பயணத்தின் நானூறாவது ஆண்டில். பார்த்து வரைந்த படம் என்றுதான் மாணவர் நினைப்பார். படத்தின் கீழே ஆண்டு போடும் பழக்கம் நம் நூல்களில் அவ்வளவாக இல்லை.

வியாபாரமும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. போர்த்துகலில் 300 ரெய்ஸ் (அந்நாட்டுக் காசு) விலைபோகும் நல்ல சட்டை இங்கே 30 ரெய்ஸுக்குத்தான் போயிற்று. கொண்டுவந்த சரக்கை உள்ளூர் வணிகர்கள் ஏளனம் செய்தார்கள். மாலுமிகள் உடுப்பையும் வளையல்களையும் விற்றுக் கொஞ்சம் கிராம்பும் பட்டையும் வாங்கினார்கள். இந்தப் பயணத்தில் "அறுபது மடங்கு லாபம்" என்ற வரியை எத்தனையோ நூல்களில் பார்த்திருப்பீர்கள். நாட்குறிப்பையும் அந்த வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பது நல்ல பயிற்சி.

பாடநூல் முழுதாக விழுங்குவது திரும்பிய பயணத்தைத்தான். ஆப்பிரிக்காவின் மலிந்தியிலிருந்து மலபாருக்கு வரச் சுமார் 23 நாள் ஆனது. தென்மேற்குப் பருவக்காற்று பிறக்கும் நேரம், கூடவே வழி தெரிந்த ஒருவர். திரும்பும்போது இரண்டும் இல்லை. காற்று மாறும்வரை பொறுத்திருக்க வேண்டும் என்பது அந்தக் கடலில் ஓடிய எல்லோருக்கும் தெரிந்த பாலபாடம். காமா ஆகஸ்ட் 29 அன்றே கள்ளிக்கோட்டையை விட்டுக் கிளம்பினார். அக்டோபர் 5 அன்று இந்திய மேற்குக் கரையோரத்து அஞ்சத்தீவிலிருந்து நடுக்கடலில் இறங்கியவர்கள் ஆப்பிரிக்கக் கரையைப் பார்த்தது ஜனவரி 2 அன்று. மூன்று மாதத்துக்கு மூன்று நாள் குறைவு. ஈறு வீங்கிப் பல்லை மூடியது, சாப்பிட முடியவில்லை. இன்று ஸ்கர்வி என்று சொல்லும் நோய். அந்தக் கடப்பில் மட்டும் முப்பது பேர் செத்தார்கள். கப்பலுக்கு ஏழெட்டுப் பேர்தான் வேலை செய்யும் நிலையில் மிஞ்ச, ஆள் போதாமல் ஒரு கப்பலைக் கொளுத்திவிட்டார்கள். கிளம்பியவர்களில் பாதிப் பேர்கூட ஊர் திரும்பவில்லை. காமாவின் அண்ணன் பாவுலோவும் வழியிலேயே அசோர்ஸ் தீவில் இறந்துபோனார்.

காமா தைரியசாலிதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஆள் தெரியாத கரையில் தடுமாறிய, காற்றைத் தவறாகக் கணித்த, பிழைத்ததே பெரிது என்று திரும்பிய மனிதராகத்தான் ஏடு அவரைக் காட்டுகிறது. அந்த மனிதர் எப்படி ஓவியத்துக் காமாவானார்?

பதில் அச்சகத்தில் இருக்கிறது. மாலுமியின் நாட்குறிப்பு முதல்முறை அச்சேறியது 1838இல். அதற்கு 266 ஆண்டு முன்பே, 1572இல், லூயிஸ் டி கமோயிஸ் என்ற கவிஞர் காமாவின் பயணத்தைப் பத்துக் காண்டத்தில் காவியமாகப் பாடி அச்சிட்டுவிட்டார். அதில் வீனஸ் தேவி காமாவுக்குத் துணை வருகிறாள், பாக்கஸ் தேவன் குழி பறிக்கிறான். தொப்பியும் கிண்ணமும் காவியத்துக்குப் பொருந்துமா? போர்த்துகலின் தேசிய காவியமே அதுதான் என்று ஆனபின், ஓவியர்களும் பாடநூல்காரர்களும் அந்தக் காமாவையே எடுத்துக்கொண்டார்கள். இன்று லிஸ்பனின் ஜெரோனிமோஸ் மடாலயத்துக்குப் போனால் காமாவின் கல்லறையையும் கமோயிஸின் கல்லறையையும் ஒரே கூரையின் கீழ் பார்க்கலாம். 1880இல் இருவரையும் அங்கே கொண்டுவந்து வைத்தார்கள்.

காவியம் முடிந்துவிடும் இடத்துக்குப் பிறகும் காமாவின் வாழ்க்கை தொடர்ந்தது. 1502இல் பெரும் படையோடு மீண்டும் வந்தார். மக்காவிலிருந்து யாத்திரிகர்களோடு திரும்பிக்கொண்டிருந்த மீரி என்ற கப்பலை மறித்தார், கொள்ளையடித்தார், ஆட்களோடு தீ வைத்தார். பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக் காட்டிக் கெஞ்சியதை அவரோடு வந்த தோமே லோப்பஸ் என்பவரே எழுதிவைத்திருக்கிறார். இறந்தவர்கள் பல நூறு பேர். பின்பு கள்ளிக்கோட்டை மீது பீரங்கி. 1998இல் ஐந்நூறாவது ஆண்டு வந்தபோது லிஸ்பனில் புதுப் பாலத்துக்குக் காமாவின் பெயர் சூட்டினார்கள். கேரளத்தில் கறுப்புக்கொடி, கண்டனக் கூட்டம். இரு பக்கமும் பேசியது ஒரே ஆளைப் பற்றித்தான். ஒருவர் 1498ஐப் பிடித்துக்கொண்டார், மற்றவர் 1502ஐ.

பாடநூல் சுருக்குகிறது என்பது புரிகிறது. பக்கம் குறைவு, தேர்வு நெருக்கம். வரலாற்று இதழ்களுக்கு வேறு நெருக்கடி. அடுத்த இதழ் விற்க வேண்டும், அட்டையில் ஒரு முகம் வேண்டும், ஒரு சண்டை இருந்தால் இன்னும் நல்லது. சில சமயம் இதழே சண்டையில் ஒரு கட்சியாக இருக்கும். இதற்கு வடதுருவத்தை விட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

1909 செப்டம்பரில் ஒரு வார இடைவெளிக்குள் இரண்டு அமெரிக்கர்கள் துருவத்தைத் தொட்டதாக அறிவித்தார்கள். பிரெடரிக் குக் 1908 ஏப்ரலிலேயே போனதாகச் சொன்னார். ராபர்ட் பியரி 1909 ஏப்ரல் 6 என்றார். நியூயார்க் ஹெரால்ட் குக்கின் கதையை வாங்கியது, நியூயார்க் டைம்ஸ் பியரியின் கதையை. நேஷனல் ஜியாகிரபிக் சங்கம் பியரியின் பயணத்துக்குப் பண உதவி செய்திருந்தது. அவர் சொல்வது உண்மையா என்று பார்க்கக் குழு போட்டதும் அதே சங்கம்தான். குழு அவருடைய தாள்களைப் புரட்டியது. கருவிகள் இருந்த பெட்டியை வாஷிங்டன் ரயில் நிலையத்திலேயே திறந்து பார்த்தது. சரி என்று சொல்லிவிட்டது. பிறகு பல தலைமுறைப் பாடநூல்களில் வடதுருவம் என்றால் பியரி.

கடைசிக் கட்டத்தில் பியரியோடு ஐந்து பேர் இருந்தார்கள். மேத்யூ ஹென்சன் என்ற கறுப்பின அமெரிக்கர். ஊடா, எகிங்வா, சீக்லூ, ஊக்வேயா என்ற நான்கு இனுயிட்டுகள், அதாவது வடதுருவப் பகுதிப் பழங்குடியினர். நாய்வண்டி ஓட்டுவது, வண்டி செய்வது, இனுயிட் மொழி பேசுவது எல்லாம் ஹென்சனுக்குக் கைவந்த கலை. இருபது ஆண்டுக்கு மேல் பியரியோடு இருந்தவர். பியரி ரியர் அட்மிரல் ஆனார். ஹென்சன் நியூயார்க் சுங்க அலுவலகத்தில் குமாஸ்தா ஆனார். நேஷனல் ஜியாகிரபிக்கின் ஹப்பர்டு பதக்கம் பியரிக்கு 1906இல் கிடைத்தது; ஹென்சனுக்கு 2000இல் கிடைத்தது, அவர் இறந்து 45 ஆண்டு கழித்து.

1988 செப்டம்பர் இதழில் அதே நேஷனல் ஜியாகிரபிக், வாலி ஹெர்பர்ட்டின் கட்டுரையை வெளியிட்டது. ஹெர்பர்ட் சும்மா ஆள் இல்லை. 1969இல் பனிமேல் பயணம் செய்து துருவத்துக்குப் போனவர். நெடுங்காலம் பூட்டிக்கிடந்த பியரியின் நாட்குறிப்பைப் பார்த்துவிட்டு, பியரி துருவத்தை எட்டியிருக்க மாட்டார் என்றார். துருவம் அடைந்த அந்த நாளின் வரி, குறிப்பேட்டில் எழுதப்படாமல் தனித் தாளில் செருகப்பட்டிருந்தது. 1990இல் அதே இதழ் இன்னோர் ஆய்வை வெளியிட்டது: புகைப்பட நிழல்களை அளந்து பார்த்தோம், பக்கத்தில் போய்த்தான் இருக்கிறார் என்று. பெரும்பாலான ஆய்வாளர்களுக்கு இன்றும் அதில் திருப்தி இல்லை. தான் தூக்கிவைத்த ஆளைத் தானே கேள்வி கேட்ட இதழைப் பாராட்டத்தான் வேண்டும். கேள்வி கேட்க எழுபத்தொன்பது ஆண்டு ஆனது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

இங்கே புது வாசகர் வழுக்கும் ஓர் இடம் உண்டு. "இதுவரை சொன்னதெல்லாம் பொய், இதோ மறைக்கப்பட்ட உண்மை" என்று தொடங்கும் கட்டுரையைப் பார்த்ததும் நமக்கு ஒரு குஷி. அந்தக் கட்டுரைக்கும் ஓர் அச்சு இருக்கிறது, பழைய அச்சைப் போலவே விற்கும் அச்சு.

காமாவுக்கு வழிகாட்டிய மாலுமியையே எடுத்துக்கொள்ளுங்கள். பாடநூல் அவரை விட்டுவிட்டது அநியாயம்தான். அதைச் சரிசெய்ய வந்த கட்டுரைகள், புகழ்பெற்ற அரபுக் கடலறிஞர் இப்னு மாஜித்தே அந்த வழிகாட்டி என்று அடித்துச் சொல்கின்றன. நாட்குறிப்பு அவருக்குப் பெயரே தரவில்லை, கிறித்தவர் என்று மட்டும் சொல்கிறது. 16ஆம் நூற்றாண்டுப் போர்த்துகீசிய வரலாற்றாசிரியர்கள் குஜராத்தி என்கிறார்கள். இப்னு மாஜித் குஜராத்தி அல்லர். ஓமான் பக்கத்து ஜுல்ஃபாரில் பிறந்தவர், அப்போது முதுமையில் இருந்தவர். அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதப்பட்ட ஓர் அரபு நூலை வைத்து, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு அறிஞர் ஒருவர் இந்த முடிச்சைப் போட்டார். இன்றைய வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் இதை ஏற்பதில்லை. குஜராத்தின் கட்ச் கடற்கரையில் கேட்டால் அவர் எங்கள் கான்ஜி மாலம் என்பார்கள். பெயர் தெரியாத உழைப்பாளியை விடப் பெயர் தெரிந்த மேதை கதைக்கு உதவுகிறார், அவ்வளவுதான்.

கொலம்பஸ் கதையும் இந்த வகைதான். பூமி தட்டை என்று நம்பிய மூடர்களுக்கு நடுவே அவர் ஒருவர்தான் உருண்டை என்றார் என்பதை 1828இல் வாஷிங்டன் இர்விங் எழுதிய வாழ்க்கை வரலாறு பரப்பிவிட்டது. படித்தவர்கள் எல்லோருக்கும் உருண்டை என்று தெரியும். தகராறு தூரத்தைப் பற்றி. அதில் எதிர்த்தவர்கள் சொன்னதுதான் சரி. கொலம்பஸ் உலகை மிகச் சிறிதாகக் கணக்குப் போட்டிருந்தார்.

தென்துருவத்துக்குப் போய்த் திரும்பும் வழியில் இறந்த ஸ்காட்டின் மதிப்பும் இப்படித்தான் ஏறி இறங்கியது. 1913இல் அவருடைய நாட்குறிப்பு சில வரிகள் வெட்டப்பட்டு வெளியானபோது தியாகத் திருவுரு. 1979க்குப் பிறகு திட்டமிடத் தெரியாத அசடு. 2001இல் வானிலைக் கணக்குகள் வந்ததும், அந்த ஆண்டுக் குளிர் வழக்கத்தைவிடக் கடுமை, பாவம், என்றார்கள். ஸ்காட் 1912இலேயே இறந்துவிட்டார். மாறிக்கொண்டே இருந்தது வாசகர்களின் காலம்.

இது ஐரோப்பிய நோய் மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். சீனத் தளபதி செங் ஹ காமாவுக்குத் தொண்ணூறு ஆண்டு முன்பே பெரும் கப்பற்படையோடு கள்ளிக்கோட்டைக்கு வந்துபோனவர். 1409இல் அவர் பெயரால் பொறிக்கப்பட்ட கல்வெட்டு இலங்கையின் காலியில் கிடைத்தது; சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழியில் இருக்கிறது, கொழும்பு அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். 2005இல் அவர் பயணத்தின் 600ஆம் ஆண்டைச் சீனா கோலாகலமாகக் கொண்டாடியது. ஒரு பிடி நிலம்கூடக் கைப்பற்றாத அமைதித் தூதர் என்பது அங்கே சொல்லப்படும் கதை. 1411இல் அதே இலங்கையில் போரிட்டு, அங்கே ஆட்சி செலுத்திய அழகேஸ்வரனைப் பிடித்துச் சீனத்துக்குக் கொண்டுபோனதும் அவர்தான். கொண்டாட்டத்தில் இது அவ்வளவாகக் காதில் விழுவதில்லை.

மெகல்லன் இறந்த பிலிப்பைன்ஸின் மாக்டான் தீவில் இந்த விஷயம் பொறித்தே வைக்கப்பட்டிருக்கிறது. 1941இல் அரசுக் குழு வைத்த பலகையின் தலைப்பு மெகல்லனின் மரணம். தீவுத் தலைவர் லாப்புலாப்புவின் வீரர்களோடு மோதி மெகல்லன் இந்த இடத்தில் இறந்தார் என்கிறது. நாடு விடுதலை பெற்றபின் 1951இல் வைத்த பலகையின் தலைப்பு லாப்புலாப்பு. படையெடுத்தவர்களை அவர் விரட்டினார், தலைவனைக் கொன்றார் என்கிறது. நாள் ஒன்றே: 1521 ஏப்ரல் 27. மெகல்லன் உலகைச் சுற்றி முடிக்கவில்லை என்பது அதிலேயே தெரிகிறது. மீதிக் கடலைத் தாண்டி 1522இல் கப்பலை ஊர் சேர்த்தவர் எல்கானோ. கூடவே வந்து பயணத்தை எழுதிய பிகஃபெட்டா தன் நூலில் ஓரிடத்திலும் எல்கானோவின் பெயரைச் சொல்லவில்லை. பிடிக்கவில்லை போலிருக்கிறது. எழுதுகோல் யார் கையில் இருந்ததோ, அவருடைய விருப்பு வெறுப்பும் ஆவணத்தில் ஏறிவிடும்.

அடுத்த முறை இப்படி ஒரு கட்டுரையோ பாடமோ கையில் வந்தால், முதலில் திரும்பிய பயணத்தைத் தேடுங்கள். போனது மட்டும் இருந்து வந்தது இல்லையென்றால் பாதியைக் காணோம். கப்பலில் இன்னும் யார் இருந்தார்கள், அவர்களில் எத்தனை பேருக்குப் பெயர் தரப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். படத்தின் ஆண்டைத் தேடுங்கள். உரையாடல் மேற்கோள் குறிக்குள் இருந்தால், அதைக் கேட்டு எழுதியவர் யார் என்று கேளுங்கள்.

பக்கம் போதாது என்பது நியாயமான சாக்கு இல்லை. காமாவைப் பற்றி இப்படியும் எழுதலாம்: "ஆப்பிரிக்கக் கரையில் கிடைத்த வழிகாட்டி ஒருவரின் உதவியோடு வாஸ்கோடகாமா 1498 மே 20 அன்று, அரபு, குஜராத்தி, சீன வணிகர்கள் ஏற்கெனவே அறிந்திருந்த கள்ளிக்கோட்டையை அடைந்தார். அவரோடு வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஊர் திரும்பவில்லை. 1502இல் அவர் பீரங்கிகளுடன் மீண்டும் வந்தார்." மூன்றே வாக்கியம். எட்டாம் வகுப்பு மாணவருக்குப் புரியாத சொல் ஒன்றும் இதில் இல்லை.